மரவள்ளிக்கு எத்தனை பெயர்? விஞ்ஞானிகள் ஆய்வுச் செய்தியைத் தேடும் விதம்

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து முதுகலை விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு. மாவுப்பூச்சியைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதப்போகிறேன். விஞ்ஞானிகள் தங்களுக்கு வேண்டிய கட்டுரைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புதிதாக வருவதை எப்படி விடாமல் தொடர்கிறார்கள்? நான் தேடினால் ஒன்று ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது, இல்லையென்றால் ஒன்றுமே வருவதில்லை. தமிழில் ஏதாவது உண்டா?"

சேலத்தில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்துவிட்டு இப்போது ஏற்காட்டில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "ஒன்று ஆயிரம், இல்லையென்றால் ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொல்வது கருவியின் கோளாறு அன்று, சொல்லின் கோளாறு. அனுபவமுள்ள ஆய்வாளர் தேடத் தொடங்குமுன் செய்யும் முதல் வேலை, தாம் தேடும் பொருளை உலகம் எந்தெந்தப் பெயர்களால் அழைத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான். உங்கள் வயலிலேயே இதற்கான பாடம் கிடக்கிறது.

தமிழிலேயே பாருங்கள்: சேலத்தில் குச்சிக்கிழங்கு, புத்தகத்தில் மரவள்ளி, குமரிப் பக்கம் மரச்சீனி, கேரள எல்லையில் கப்பை, இன்னும் சிலருக்கு ஏழிலைக்கிழங்கு. உலக அளவிலும் அப்படித்தான். நம் நாட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலம் 'டாபியோகா' என்று எழுதினார்கள்; ஆப்பிரிக்காவில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அது 'கசாவா'; பிரெஞ்சு வழங்கும் நாடுகளில் 'மானியோக்'; பிரேசிலில் 'மண்டியோக்கா'; ஸ்பானிய மொழியில் 'யூக்கா'. இவற்றில் ஒன்றை மட்டும் தட்டுகிறவருக்கு மற்றவை எழுதப்பட்ட நாடுகள் பாதி மறைந்துவிடும். இந்த எல்லாப் பெயர்களையும் ஒரே நூலில் கட்டுவது 'மனிஹாட் எஸ்குலென்ட்டா' என்ற அறிவியல் பெயர். ஆகவே தரவுத்தளத்தில் அறிவியல் பெயரையும் வழக்குப் பெயர்களையும் 'அல்லது' என்ற பொருள் தரும் OR என்ற இணைப்புச் சொல்லால் கோத்து, அந்த முழுத் தொகுதியையும் 'உம்' என்ற பொருள் தரும் AND என்ற இணைப்புச் சொல்லால் பூச்சியின் பெயரோடு சேர்க்க வேண்டும். முன்னது வலையை அகலமாக்கும். பின்னது வலையின் கண்ணைச் சிறிதாக்கும். ஆயிரம் வந்து விழுவதும் ஒன்றும் வராததும் பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால் வருகிற வினை.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஆய்வு மாணவனாக இருந்தபோது தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைப் பற்றி வேலை செய்தேன். அப்போது கணினித் தேடல் இல்லை. 1913 முதல் வெளிவந்த 'ரிவ்யூ ஆஃப் அப்ளைடு என்டமாலஜி' போன்ற சுருக்கத் தொகுப்பு இதழ்களின் அட்டவணையை ஆண்டுவாரியாகப் புரட்ட வேண்டும். நான் 'டாபியோகா' என்ற தலைப்பை மட்டும் புரட்டிவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். 'கசாவா' என்ற தலைப்பைத் திறக்கவே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், நான் இரண்டு பருவம் பாடுபட்டுக் கண்டதை நைஜீரியாவில் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்கள் என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் மாவுப்பூச்சிக்கு வருவோம். பினகாக்கஸ் மனிஹோட்டி என்ற அந்தப் பூச்சி இந்தியாவில் 2020இல் கேரளத்தில் முதலில் பதிவானது. அங்கிருந்து சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்து, நுனிக் குருத்தைக் கொத்தாக்கிச் செடியைக் குட்டையாக்கியதை உங்கள் வீட்டாரே பார்த்திருப்பார்கள். நமக்கு அது புதுப் பூச்சி. ஆனால் ஆய்வு நூல்களில் அது ஐம்பதாண்டுப் பழைய பூச்சி. 1970களின் தொடக்கத்தில் காங்கோப் பகுதியில் தலைகாட்டி, ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்கள் வழியே பரவியது; அறிவியலுக்குப் புதிய இனம் என்று 1977இல் அதற்குப் பெயர் சூட்டிய கட்டுரை பிரெஞ்சு மொழியில் வந்தது. மரவள்ளியின் தாயகம் தென்அமெரிக்கா ஆகையால், பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனார்கள். முதலில் அக்கண்டத்தின் வடபகுதியில் கிடைத்தது தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம். அதன் எதிரிகள் ஆப்பிரிக்காவின் பூச்சிக்குப் பயன்படவில்லை. 1981இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது. அதோடு ஓர் ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தது. அக்குளவி அதே ஆண்டில் நைஜீரியாவில் விடப்பட்டு, பின்னர் மரவள்ளி விளையும் பல நாடுகளில் நிலைகொண்டது. அத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுக்கப்பட்டது. 2008இல் தாய்லாந்தில் பூச்சி நுழைந்தபோது, மறு ஆண்டே பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்தார்கள். நம் நாட்டிலும் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம் பெனினிலிருந்து அதைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டது.

இவ்வளவும் நூலகத்தில் இருந்த சேதிதான். ஆனால் இதைத் தேடிக் கண்டடைவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்குளவியை இன்று 'அனாகைரஸ் லோபெசி' என்கிறோம். 1980களிலும் 90களிலும் வந்த அடிப்படையான கட்டுரைகள் பலவற்றில் அதன் பெயர் 'எபிடினோகார்சிஸ் லோபெசி'. இடையில் சில காலம் 'அபோஅனாகைரஸ் லோபெசி'. இன்றைய பெயரை மட்டும் தட்டினால், ஆப்பிரிக்காவில் பத்தாண்டுக் காலம் வயல் வயலாக எண்ணிப் பார்த்து எழுதியவை உங்கள் கண்ணில் படாமலே போகலாம். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் வகைப்பாட்டியலார் பெயரை மாற்றும்போது பழைய கட்டுரைகளின் தலைப்புகள் தாமாக மாறிக்கொள்வதில்லை.

தாவரவியலாருக்கு இது அன்றாடத் தொல்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்துக்குப் போனால், இந்த மலைக்கே உரிய 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' மரத்தைப் பார்க்கலாம். தாவரவியலார் கேம்பிள் சூட்டிய அந்தப் பெயர் இன்று 'மோனோசிஸ் ஷெவராயென்சிஸ்' என்று மாறியிருக்கிறது. மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைப் பற்றிய எழுத்து இரண்டு பெயர்களில் இரண்டு இடத்தில் கிடக்கிறது. போதாக்குறைக்கு மலையின் பெயரும் ஆங்கிலத்தில் 'ஷெவராய்' என்றும் 'சேர்வராயன்' என்றும் பல எழுத்துக்கூட்டலில் வரும். ஊர்ப் பெயர்களையும் எல்லா வடிவத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.

பழையதைத் தேடாமல் விடுவது வெறும் நேர இழப்பாக முடியாத இடங்களும் உண்டு. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வுக்காக ஹெக்சமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்த 24 வயதுத் தன்னார்வலர், நல்ல உடல்நலத்தோடு வந்தவர், நுரையீரல் கெட்டு இறந்துபோனார். ஆய்வாளர் தேடிப் பார்க்காமல் இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் பப்மெட் தரவுத்தளத்தில் தேடினார். அது அப்போது 1966க்குப் பிந்தைய கட்டுரைகளையே கொண்டிருந்தது. அந்த மருந்தையும் நுரையீரல் பாதிப்பையும் இணைத்துப் பேசிய கட்டுரைகள் 1950களில் வந்தவை. தேடும் கருவி எந்த ஆண்டு வரை, எந்த மொழி வரை, எந்த இதழ்கள் வரை பார்க்கிறது என்று தெரியாமல் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதுவது எத்தனை ஆபத்தான வாக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சொல்லால் தேடுவது ஒரு வழி. கட்டுரையைப் பிடித்துக்கொண்டு நடப்பது இன்னொரு வழி, என் கணக்கில் மேலான வழி. நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதன் இறுதியில் உள்ள பட்டியல் வழியாகப் பின்னோக்கிப் போகலாம். இதை எல்லோரும் அறிவார்கள். முன்னோக்கியும் போகலாம் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று அமெரிக்க வழக்கறிஞர்களுக்குக் காட்டும் தொகுப்பு 1873 முதலே இருந்தது. அதே ஏற்பாட்டை அறிவியலுக்கும் செய்யலாம் என்று 1955இல் அவர் எழுதினார். 1960களில் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவரத் தொடங்கியது. இன்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதை மேற்கோள் காட்டியவற்றின் எண்ணிக்கை தெரிகிறதே, அது இந்த எண்ணத்தின் பேரப்பிள்ளை. பராகுவேயில் பூச்சி கிடைத்ததைச் சொல்லும் ஒரு கட்டுரையைப் பிடித்து, அதை மேற்கோள் காட்டியவற்றைத் தேதி வரிசையில் பாருங்கள். பெனின், தாய்லாந்து, இந்தியா என்று கதை தானாக நடந்து வரும். பெயர் மாறியதும் மொழி மாறியதும் இந்த வழிக்குப் பெரிய தடையில்லை, ஏனென்றால் இங்கே உங்களை இழுத்துச் செல்வது சொல் அன்று, ஒரு மனிதர் இன்னொருவரைப் படித்தார் என்ற உறவு.

அந்த உறவே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் 1986இல் இதைக் காட்டினார். மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்லின. குளிரில் விரல்களுக்கு இரத்தம் வராமல் வெளுக்கும் ரேனோ நோயாளிகளின் இரத்தம் பிசுபிசுப்பு மிக்கது என்று இன்னொரு தொகுதி சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவில்லை. ஸ்வான்சன் மருத்துவர் அல்லர். நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் படித்து, மீன் எண்ணெய் அந்நோய்க்கு உதவலாம் என்று எழுதினார். 1989இல் வந்த மருத்துவச் சோதனை, நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குப் பலன் இருப்பதைக் காட்டியது. ஆகவே, வாரத்தில் ஒருநாளாவது தன் துறைக்குப் பக்கத்து வீட்டு இதழ்களை வேலையின்றிப் புரட்டும் வழக்கத்தை வீண் என்று நினைக்க வேண்டாம்.

இனி, புதியதைத் தொடர்வது. இது தேடுவதிலிருந்து வேறான வேலை. தேடுவது கிணறு வெட்டுவது போன்றது, தொடர்வது வாய்க்காலுக்கு மடை வைப்பது போன்றது. ஒருமுறை மடையைச் சரியாக வைத்துவிட்டால் தண்ணீர் தானே வரும். முன்பு, முக்கிய இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு வாராவாரம் அனுப்பும் ஒரு வெளியீடு இருந்தது, அதுவும் கார்ஃபீல்டின் வேலைதான். நூலகத்தில் அது வந்த அன்று அதற்காக வரிசை நிற்கும். வேண்டிய கட்டுரையின் ஆசிரியருக்கு அச்சிட்ட அஞ்சலட்டையில் படி கேட்டு எழுதுவோம். இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டு அஞ்சல்தலையோடு உறை வரும். அஞ்சல்தலைகளை மகன் சேர்த்து வைத்திருந்தான். கட்டுரைகளைக் கரையான் தின்றுவிட்டது. இன்று அதே வேலையை மின்னஞ்சல் அறிவிப்பு செய்கிறது. பூச்சியின் பெயர், குளவியின் மூன்று பெயர்கள், உங்கள் துறையில் ஓயாமல் எழுதும் நான்கைந்து ஆய்வாளர்களின் பெயர்கள், நீங்கள் அடிப்படையாகக் கொண்ட இரண்டு மூன்று கட்டுரைகளின் புதிய மேற்கோள்கள், இவை ஒவ்வொன்றுக்கும் கூகுள் ஸ்காலரில் அறிவிப்பு வைத்துவிடலாம். ஐந்தாறு இதழ்களின் பொருளடக்கத்துக்கும் தனியே பதிவு செய்துகொள்ளுங்கள். இருபதுக்கு மேல் வைத்தால் எதையும் திறக்க மாட்டீர்கள்; இதை நான் வைத்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

அச்சுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். இயற்பியலாருக்காக பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் தொடங்கிய ஆர்க்கைவ், உயிரியலாருக்காக 2013இல் வந்த பயோஆர்க்கைவ் ஆகியவற்றில் இத்தகைய முன்அச்சுகள் கிடைக்கும். இதழில் வெளிவரப் பல மாதங்கள் ஆகக்கூடியதை அன்றே படிக்கலாம். ஆனால் சக ஆய்வாளர் மதிப்பீடு இன்னும் நடக்காத எழுத்து அது என்பதை மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் மேலே, கருவிகளில் அடங்காத ஒரு வழி உண்டு. அறிவியல் வரலாற்றாளர் டெரிக் டி சொல்லா பிரைஸ் 1960களில், ஒரே சிக்கலில் வேலை செய்பவர்கள் ஊர் தாண்டி ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு, அச்சில் வருமுன்பே எல்லாவற்றையும் அறிந்திருக்கும் வட்டங்களைக் 'கண்ணுக்குத் தெரியாத கல்லூரி' என்றார். இன்றும் பெரிய சேதி முதலில் மாநாட்டுத் தேநீர் இடைவேளையிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் வருகிறது. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு உண்மையான குறை இதழ்கள் இல்லாதது அன்று, இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பது. அதற்குள் நுழைய ஏத்தாப்பூர் நிலையத்துக்கும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் நேரில் போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு தெளிவான கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுவாக "தகவல் தாருங்கள்" என்று கேட்டால் பதில் வராது. உங்கள் கட்டுரையின் இந்த அட்டவணையில் இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் வரும்.

முழுக் கட்டுரை காசு கேட்கிறதே என்றால், முறையான வழிகள் பல இருக்கின்றன. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உங்கள் கல்லூரி அதில் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. பட்டியலில் இல்லாவிட்டால், அன்பேவால் என்ற உலாவி இணைப்பு, அதே கட்டுரையின் இலவசப் படி வேறெங்காவது முறைப்படி இருந்தால் காட்டும். ஆசிரியருக்கு எழுதினால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள், அந்தப் பழைய அஞ்சலட்டை மரபு சாகவில்லை. நம் நாட்டு ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்காவும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷும் உள்ளன. இதழில் வராத வயல் எண்கள் இவற்றில்தான் புதைந்து கிடக்கும். சேலம் மாவட்ட வயல்களைப் பற்றி எழுதப்போகும் ஒருவர் இவற்றை விடவே கூடாது.

கிடைத்ததையெல்லாம் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். தலைப்பைப் பார்த்தே பாதியைக் கழியுங்கள். சுருக்கத்தைப் பார்த்து மீதியில் பாதியைக் கழியுங்கள். எஞ்சியவற்றில் முதலில் படங்களையும் அட்டவணைகளையும், பிறகு செய்முறைப் பகுதியையும் பாருங்கள். முன்னுரையை முதலில் படிப்பதை மெல்ல விட்டுவிடுவீர்கள். படித்ததைச் சொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் சேமித்து, உங்கள் சொந்தச் சொல்லில் மூன்று வரி எழுதி வையுங்கள். கூடவே, எந்த நாளில், எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்றொடரால் தேடினீர்கள், எத்தனை வந்தன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தேடலைத் திரும்பச் செய்யும்போது அந்த நோட்டு உங்களைக் காப்பாற்றும்.

நம்பகத்தைப் பற்றியும் ஒரு சொல். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் நம் பக்கத்து மாணவர்களைக் குறிவைத்தே மின்னஞ்சல் அனுப்புகின்றன. நல்ல இதழில் வந்ததும் பின்னாளில் திரும்பப் பெறப்படலாம். மேற்கோள் காட்டுமுன் கட்டுரையின் பதிப்பகப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, நான் முதலில் சொன்ன பெயர்ப் பட்டியல் தயாரிக்கவும், பிரெஞ்சு, போர்த்துக்கீசியக் கட்டுரைகளின் சாரத்தை அறியவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேற்கோள் பட்டியல் மட்டும் அவற்றிடம் கேட்க வேண்டாம். உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான இதழின் பெயரையும் சேர்த்து, எழுதப்படாத கட்டுரையைத் தயங்காமல் தருபவை அவை. எந்தக் கட்டுரையானாலும் திறந்து கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

கடைசியாக, தமிழில் உண்டா என்று கேட்டீர்கள். மூல ஆய்வுக் கட்டுரைகள் உங்கள் துறையில் அனேகமாக ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் மரவள்ளியின் சாகுபடி, பூச்சி மேலாண்மை எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஷோத்கங்காவில் தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் உண்டு. அவற்றை மேற்கோளுக்காக அல்லாமல் சொற்களுக்காகப் படியுங்கள். உங்கள் ஊர் விவசாயி இந்தப் பூச்சியை என்ன பெயரிட்டுச் சொல்கிறார் என்பதையும் அதே தாளில், மானியோக், மண்டியோக்கா இவற்றுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வயலில் இறங்கிக் கேட்கும்போது அந்தப் பெயர்தான் உங்களுக்கு வேண்டியிருக்கும்.